நூற்றிருபது கதிரை

உரும்பிராயில் ஒரு செத்தவீடு.
உள்ளே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
பந்தலில் நாங்கள் முன்னூற்றிநாலு விளையாடினோம்,
விடியும்வரை விழித்திருக்க
வேறு வழி தெரியாதவர்கள்.

இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகு
சோதிநாதன் சண்டையைத் தொடக்கினார்.
நிலஅளவைக் கந்தோரில் முப்பது வருடம்
பென்சில் பிடித்த மனிசன்.
சீட்டுகளைப் பாயில் பரப்பினார்.
"கலாவரை ஏழு, கடல்நீரேரி.
ஆர்த்தின் எட்டு, அவன்ரை முகாம்.
இதாலை ஒரு நூறு பேரை இறக்கியிருந்தால்
ஒரு கிழமையில அலுவல் முடிஞ்சிருக்கும்."

நூறு பேர்.
அவருடைய சுட்டுவிரலுக்குக் கீழே
ஒருத்தருக்கும் தண்ணி விடாய்க்கவில்லை.
ஒருத்தருக்கும் வயிற்றாலை போகவில்லை.

ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த குகநேசன் மறுத்தார்.
நூறு காணாது, இருநூறு வேணும்.
உலகத்து ராணுவங்களை எல்லாம்
தொலைபேசியில் பார்த்து முடித்தவர்.
பேரப்பிள்ளைக்குப் பால் கரைப்பதுபோல
இருநூறைக் கரைத்து ஊற்றினார்.

நான் இவர்களை விட மோசம்.
"பின்வாங்கினதுதான் பிழை" என்றேன்,
தொண்ணூற்றைந்தில் ஒரு சூட்கேசோடு
எங்கள் ஒழுங்கையிலேயே முதல் ஆளாய்ப் பின்வாங்கி
கொழும்பில் வங்கிக் காசு எண்ணப் போனவன்.

பந்தல்காரன் தவக்குமார்
ஏணியில் நின்று ரியூப் லைற் மாற்றிக்கொண்டிருந்தான்.
இடக்கையில் இரண்டு விரல் பாதியோடு நிற்கும்.
அவனுக்கு இன்னொரு பேரும் இருந்ததாம்.
நாங்கள் கேட்டதில்லை.

"அந்தப் பக்கம் மணல்" என்றான்,
கீழே பார்க்காமலே.
"மணலிலை வெட்டினா பங்கர் நிக்காது.
பனங்குற்றி வேணும்.
ஒரு குற்றி தூக்க நாலு பேர் வேணும்.
நூறு பேருக்கு எத்தனை குற்றி எண்டு பாருங்கோ."

சோதிநாதன் சிரித்தார்.
"அது சின்ன விசயம் தம்பி.
நாங்கள் பெரிய படத்தைக் கதைக்கிறம்."
பிறகு துரும்பு கேட்டார்.

சாமம் கடந்து அவனுக்கு நான்தான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.
பயிற்சியில் என்ன பழக்கினார்கள் என்று கேட்டேன்.
சுடுவதைச் சொல்வான் என்று இருந்தேன்.
"கிடங்கு வெட்டப் பழக்கினவை" என்றான்.
"ஆறு கிழமை.
வெட்டுறது, மூடுறது, திரும்பவும் வெட்டுறது.
பிறகு இருட்டிலை சப்பாத்துக் கட்ட.
பிறகு, பக்கத்திலை கிடக்கிறவனை
எழுப்பாமல் எழுப்ப."

அதற்குப் பிறகு எவரும் கேட்கக்கூடாத அந்தக் கேள்வியை
நானும் கேட்டேன்.
எத்தனை பேர்?

அவன் பந்தலை ஒருதரம் சுற்றிப் பார்த்தான்.
"நூற்றிருபது கதிரை கொண்டந்தனான் அண்ணை.
ரெண்டு உடைஞ்சிட்டுது."
கோப்பையைத் தந்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பின்னேரம்
வாழைக்குட்டி வைக்கவென்று மண்வெட்டி எடுத்தேன்.
வாழைக்குட்டி ஏதும் என்னிடம் இருக்கவில்லை.
எங்கள் செம்மண் இளகிய மண்தான்.
முழங்கால் ஆழம் போகமுன்
உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.
மனைவி வந்து கிடங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"நாயேதும் செத்துப்போச்சோ?" என்றாள்.
மூடிவிட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று
இந்த இடத்தில் எழுதலாம்.

எட்டுச்செலவன்று அதே பந்தல், அதே பாய்.
சோதிநாதன் கலாவரை ஏழை வைத்ததுமே நான் தொடங்கினேன்:
"அந்தப் பக்கம் மணல் கண்டியளோ.
மணலிலை பங்கர் நிக்காது, பனங்குற்றி வேணும்.
ஒரு குற்றி தூக்க மூண்டு பேர் வேணும்."
குகநேசன் வாயைப் பிளந்தார்.
சோதிநாதன் தலையாட்டி,
"இவருக்கு விசயம் தெரியும்" என்றார்.
என் நெஞ்சு நிமிர்ந்ததை
நானே பார்த்தேன்.

தவக்குமார் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று
செருகிக்கொண்டிருந்தான்.
ஒரு கணம் கை நின்றது.
"நாலு" என்றான்.
பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ணினான்.